புடலங்காய் வளர்ப்பும் பயன்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புடலை வளர்ப்பவர்கள் கேட்பதில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: கொடி தளதளவென்று இருக்கிறது, பூ கொட்டுகிறது, காயை மட்டும் காணோம். அதற்கான விடை நீளமானது, நடுவில் வருகிறது. அவசரமென்றால் நேராக அங்கே போய்விடுங்கள். மற்றக் கேள்விகள் விதையில் தொடங்கி விதையில் முடிகின்றன.

புடலை எந்தக் குடும்பத்துச் செடி?

பூசணிக் குடும்பம். பாகல், பீர்க்கு, சுரை, வெள்ளரி எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஒரு பருவத்தில் முளைத்து, படர்ந்து, காய்த்து, காய்ந்துபோகும் கொடி. தாவரவியல் பெயர் டிரைக்கோசாந்தெஸ் குக்குமெரினா. 1753-இல் லின்னேயஸ் செடிகளுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிட்டபோது தோட்டப் புடலையைத் தனி இனமாகவும், காட்டில் தானாக வளரும் சிறுகாய்ப் புடலையை வேறு இனமாகவும் எழுதினார். பிறகு வந்தவர்கள் இரண்டும் ஒரே இனம்தான், தோட்டப் புடலை அதில் ஒரு வகை என்று சேர்த்துவிட்டார்கள். காட்டு வகை தெற்காசியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை காணப்படுகிறது. நாம் பேய்ப்புடல் என்று சொல்வது அதைத்தான். இந்த உறவை நினைவில் வையுங்கள், கசப்பைப் பற்றிய கேள்வியில் மறுபடி தேவைப்படும்.

நெட்டைப் புடலையா, குட்டைப் புடலையா?

நெட்டை ரகம் ஒன்றரை மீட்டர் வரை சாதாரணமாகத் தொங்கும், அதற்கு மேலும் போவதுண்டு. குட்டை ரகம் ஒரு முழம், ஒன்றரை முழத்தில் நின்றுவிடும். வீட்டுத் தோட்டத்துக்கு என்றால் யோசிக்காமல் குட்டையை எடுங்கள். பந்தல் தாழ்வாக இருந்தாலும் காய் தரையில் முட்டாது, பழ ஈக்குப் பயந்து உறை போடுவது சுலபம், பறித்த காய் ஒரு வேளைச் சமையலோடு முடிந்துவிடும். நெட்டைக் காய் பார்க்க அழகுதான். ஆனால் சிறிய குடும்பத்தில் ஒரு காயை மூன்று நாள் வைத்துத் தின்ன வேண்டியிருக்கும்.

எப்போது விதைக்கலாம்?

பனியும் குளிரும் இதற்கு ஆகாது. பகலில் 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கும் காலம் ஏற்றது. இரவுக் குளிர் கூடினால் கொடி அப்படியே நின்றுவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. இந்தக் குடும்பத்துக் கொடிகளில் பகல் நீண்டு வெயிலும் கடுமையாக இருந்தால் ஆண் பூக்கள் பெருகும், பகல் சற்றுக் குறுகி வெப்பம் மிதமாக இருந்தால் பெண் பூக்கள் கூடும். ஆகவே பூக்கும் காலம் உச்சிக் கோடையில் விழாதபடி விதைப்பைத் தள்ளிப் போடுவது நல்லது. விதைத்ததிலிருந்து பூக்க ஆறு வாரம் போல ஆகும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

விதை போட்டு பத்து நாள் ஆகிவிட்டது, முளைக்கவே இல்லை. கெட்ட விதையா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். புடலை விதையின் ஓடு தடித்தது, ஓரம் அலை அலையாக இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்கவே நேரம் எடுக்கும். ஊறவைக்காமல் போட்டால் இரண்டு வாரம்கூட ஆகலாம்.

முதல் நாள் இரவு தண்ணீரில் போடுங்கள். மறுநாள் எடுத்து ஈரத் துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஓடு பிளந்து வெள்ளையாக முனை எட்டிப் பார்த்ததும் இரண்டு செ.மீ. ஆழத்தில் நட்டுவிடலாம். பொறுமை இல்லாதவர்கள் நகவெட்டியால் ஓட்டின் ஓரத்தில் லேசாக ஒரு கீறல் போட்டுவிட்டு ஊறவைப்பார்கள், அதுவும் சரிதான். ஆனால் கூரான முனையைத் தொடக்கூடாது, வேர் வருவது அந்தப் பக்கம்தான்.

விதை அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுபவரின் அன்பு. முளைக்கும் வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும், சேறாக இருக்க வேண்டாம்.

நாற்று விட்டு நடலாமா?

நேரடி விதைப்பே மேல். இந்தக் குடும்பத்துக் கொடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. கட்டாயம் நாற்றுதான் என்றால் தனித்தனிப் பைகளில் வளர்த்து, இரண்டு இலை விட்டதும் மண்கட்டி உடையாமல் நடுங்கள். நாலைந்து இலை வரும் வரை காத்திருந்தால் நட்ட பிறகு ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நிற்கும்.

மண், உரம், தண்ணீர்?

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, நன்றாக மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்க்கலாம். குழிக்கு நான்கைந்து விதை போட்டு, முளைத்த பின் தேறிய இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். குழிக்குக் குழி இரண்டு மீட்டர் இடைவெளி தேவை.

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், காய்ந்தால் பிஞ்சு வெம்பும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீரைக் கட்டினால் காய் வெடிக்கும். வேர் மேலாகவே ஓடுவதால் சருகு, வைக்கோல் என்று கிடைப்பதைக் கொண்டு மூடாக்கு போடுவது பெரிய உதவி. தழைச்சத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் இலை தட்டு அகலத்துக்கு வரும், பூ வராது.

தொட்டியில் வருமா?

வரும். 40 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி அல்லது பை, அதில் ஒரே ஒரு கொடி. வெயில் நாளில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். தொட்டி மண்ணில் சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பூக்கத் தொடங்கியதும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மக்கிய உரம் சேர்க்க வேண்டும்.

பந்தல் கட்டாயமா? வேலியில் ஏற்றிவிட்டால் போதாதா?

கொடிக்குப் போதும், காய்க்குப் போதாது. புடலங்காய் தடையில்லாமல் தொங்கினால்தான் நேராக வளரும். வேலியிலோ செங்குத்து வலையிலோ பிஞ்சு கம்பிக்கிடையில் மாட்டிக்கொண்டு சுருண்டு கொக்கியாகிவிடும். அதைத் தின்னலாம், ஒன்றும் கெடாது, நறுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நெட்டை ரகத்துக்கு ஆறடி உயரத்தில் தட்டைப் பந்தல் வேண்டும். நீங்கள் நிமிர்ந்து உள்ளே நடக்க முடிய வேண்டும் என்பதுதான் அளவுகோல். குனிந்து போக வேண்டிய பந்தலுக்குள் யாரும் தினமும் போகமாட்டார்கள், தினமும் போகாத பந்தலில் காய் முற்றும், ஈ முட்டையிடும். செங்குத்து வலை மட்டுமே வசதி என்றால் குட்டை ரகத்தை ஏற்றி, பிஞ்சு விட்டதும் வலைக்கு வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டே இருங்கள்.

நுனி கிள்ள வேண்டுமா?

ஆம். பந்தலைத் தொடும் வரை பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். பந்தல் மேல் ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். அப்புறம் பக்கக் கிளைகள் பிரியும், பெண் பூக்கள் கூடுதலாக வருவது அவற்றில்தான்.

பூ நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவே இல்லை. ஏன்?

முதலில் ஒரு கேள்வி: புடலைப் பூ விரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் தண்ணீர் ஊற்றும்போது பார்ப்பது, நூல்நூலாகச் சுருங்கிக் கசங்கிய வெள்ளைத் துணுக்கு. அது முடிந்துபோன பூ.

பொழுது சாயும் நேரத்தில் பந்தலடியில் போய் நில்லுங்கள். பகலெல்லாம் பச்சை மொட்டாக இருந்தது மெல்ல இளகும். ஐந்து வெள்ளை இதழ்கள் விலகும். ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் சுருட்டி வைத்திருந்த இழைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து வெளியே நீளும். இருட்டி முடிவதற்குள் இதழைவிட இழைதான் பெரிதாகத் தெரியும். இனிய மணமும் வரும். வெள்ளை நிறமும் இரவு மணமும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக. பகலில் வரும் தேனீக்கு இங்கே வேலையில்லை, அது வரும் நேரத்தில் கடை மூடியிருக்கும்.

இதில் ஆண், பெண் பூக்கள் தனித்தனி, ஆனால் ஒரே கொடியில்தான். ஆண் பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாக வந்து, கொத்திலிருந்து ஒன்றிரண்டாக மாலைதோறும் விரியும். பெண் பூ தனியாக வரும். அதன் அடியில் விரல் நீளத்தில் மெலிந்த, ரோமம் படர்ந்த குட்டிப் புடலங்காய் ஒன்று முன்பே இருக்கும். பூப்பதற்கு முன்பே காய் போலத் தெரிவதால், "காய் பிடித்தது, அப்புறம் வெம்பிவிட்டது" என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அது பிடிக்கவே இல்லை. அன்று இரவு மகரந்தம் விழவில்லை, அதனால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி உதிர்ந்தது.

ஆகவே காய் இல்லாமைக்கு இரண்டு வகைக் காரணங்கள். ஒன்று, இன்னும் நேரம் வரவில்லை. முதலில் ஆண் பூக்கள் மட்டுமே வரும், பெண் பூக்கள் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதுவரை உதிர்வதெல்லாம் ஆண் பூ, கவலை வேண்டாம். இரண்டு, பெண் பூ வருகிறது, ஆனால் அந்துப்பூச்சி வரவில்லை. உயரமான மாடிகள், இரவெல்லாம் விளக்கெரியும் இடங்கள், மருந்து அதிகம் தெளிக்கும் தோட்டங்கள், பூக்கும் நேரத்தில் தினமும் மழை: இவற்றில் இது சகஜம். அப்போது உங்கள் கைதான் அந்துப்பூச்சி.

கையால் எப்படிச் செய்வது? காலையில் செய்தால் பயனில்லையா?

பூசணிக்கும் சுரைக்கும் சொன்ன குறிப்பைக் கலந்துகட்டிப் படித்துவிட்டு வருபவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். பூசணி விடியற்காலையில் விரிவது, புடலை மாலையில் விரிவது. பூ விரிந்த மாலையிலேயே செய்யுங்கள். இருட்டிய பின் ஒரு கைவிளக்கு எடுத்துக்கொண்டு போவது இன்னும் வசதி, வெள்ளைப் பூக்கள் பளிச்சென்று தெரியும்.

அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளுங்கள். நடுவில் மஞ்சளாக இருப்பதை விரல் நுனியில் தொட்டுப் பாருங்கள், தூள் ஒட்டினால் தயார். இதழ்களைப் பின்னுக்கு மடக்கிவிட்டு, அந்த மஞ்சள் பகுதியைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். சுற்றிலும் படட்டும், ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். ஒரு ஆண் பூவை இரண்டு பெண் பூவுக்குப் பயன்படுத்தலாம். பிடித்திருந்தால் இரண்டாம் நாளே பிஞ்சு பளபளப்போடு நீளத் தொடங்கும், கண்ணுக்கு எதிரில் வளர்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு வேகம்.

அப்படியானால் பூச்சிமருந்தை எப்போது தெளிப்பது?

மற்றத் தோட்டப் பயிர்களுக்குத் தேனீயைக் காப்பாற்ற "மாலையில் தெளியுங்கள்" என்பார்கள். புடலைக்கு அதையே செய்தால் நேராகப் பூவின் மேலும் அந்துப்பூச்சியின் மேலும் தெளிக்கிறீர்கள். வேப்பெண்ணெயாகவே இருந்தாலும், முந்தைய இரவின் பூக்கள் மூடிய பின், வெயில் ஏறும் முன், காலையில் தெளியுங்கள். பக்கத்தில் தேனீ வரும் வேறு பூக்கள் இருந்தால் அவற்றின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கில் ஆண் பூ மட்டுமே வருகிறது.

தழைச்சத்து மிகுதி, நிழல், கடும் வெப்பம், இந்த மூன்றில் ஒன்று. எத்திலீன் வாயுவை வெளிவிடும் எத்திஃபான் என்ற வளர்ச்சி ஊக்கியை இளஞ்செடியில் தெளித்துப் பெண் பூவைக் கூட்டும் முறை வணிகச் சாகுபடியில் உண்டு. அது இரண்டு இலைப் பருவத்தில் தொடங்க வேண்டிய வேலை. பூத்துக் குலுங்கும் கொடியில் இப்போது தெளித்துப் பயனில்லை, நான்கு கொடி வைத்திருப்பவருக்கு அது தேவையும் இல்லை. நுனியைக் கிள்ளி, தழைச்சத்தை நிறுத்திப் பாருங்கள்.

காய் நேராக வளரக் கல் கட்ட வேண்டுமா?

பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழைய பழக்கம். நெட்டை ரகத்தில் வேலை செய்யும். ஆனால் கட்டாயமில்லை. பந்தல் சரியாக இருந்து, மகரந்தம் நன்றாக விழுந்திருந்தால் காய் தன் எடைக்கே நேராக இறங்கும். சுருளத் தொடங்கிய பிஞ்சுக்கு மட்டும் கட்டினால் போதும், அதுவும் பிஞ்சு ஒரு சாண் நீண்ட பிறகு, நெல்லிக்காய் அளவுக் கல். கனமான கல்லைக் கட்டினால் காம்போடு வந்துவிடும்.

பிஞ்சில் பிசின் துளி போல ஒட்டியிருக்கிறது. அது என்ன?

பழ ஈ வந்துபோன தடம். பெண் ஈ பிஞ்சின் மெல்லிய தோலில் ஊசி போன்ற உறுப்பால் துளையிட்டு உள்ளே முட்டை வைக்கும். துளையிலிருந்து கசியும் சாறு உறைந்து தேன் நிறத்தில் துளியாக நிற்கும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஊசி குத்திய புள்ளி தெரியும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து வெள்ளைப் புழுக்கள் சதையைத் தின்னத் தொடங்கும். அந்த இடம் குழிந்து, காய் வளைந்து, மஞ்சளாகி அழுகும்.

துளி தெரிந்த காயை மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. புழு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்தக் காயைப் பறித்து பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். எருக்குழியில் எறிந்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாக உங்கள் பந்தலுக்கே திரும்பும். பந்தலடி மண்ணை அவ்வப்போது கொத்திவிடுவதும் இதற்காகத்தான்.

தடுக்கும் வழிகளில் வீட்டுத் தோட்டத்துக்கு உறையை மிஞ்சியது இல்லை. மகரந்தம் பிடித்து பிஞ்சு நீளத் தொடங்கியதும் காகித உறையோ வலைத்துணிப் பையோ மாட்டி மேலே கட்டிவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி வாங்கினால் பூசணிக் குடும்பத்து ஈக்கான கியூலூர் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள், மாம்பழ ஈக்கு விற்கும் பொறியில் இது சிக்காது. பொறியில் விழுவது ஆண் ஈக்கள் மட்டுமே என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஒரு பச்சைப் புழு இருக்கிறது.

புடலைக்கென்றே இருக்கும் பச்சைக் காவடிப் புழு. இலை விளிம்பை வெட்டி, மடித்து, உள்ளே உட்கார்ந்து தின்னும். முதுகை வளைத்து வளைத்து நடக்கும். சில கொடிகள் என்றால் மடிந்த இலைகளைப் பிரித்துக் கையால் பொறுக்கிவிடலாம். நாற்றுப் பருவத்தில் இலையில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் அது சிவப்பு வண்டு. விடியற்காலையில் சோம்பிக் கிடக்கும்போது பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் போதும், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

இலையில் வெள்ளைப் பொடி, மஞ்சள் திட்டு. என்ன நோய்?

மேற்பரப்பில் மாவு தூவியது போல இருந்தால் சாம்பல் நோய். மேலே கோணல் கோணலான மஞ்சள் திட்டும், அதே இடத்தில் அடியில் சாம்பல் பூசணமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய், இது ஈரமான நாட்களில் வரும். இரண்டிலும் பாதித்த கீழ் இலைகளைக் கழித்து, பந்தலில் காற்றோட்டம் விடுங்கள். கந்தகத் தூள், தாமிரத் தூள் இரண்டையும் இந்தக் குடும்பத்துக் கொடிகளில் தூவக்கூடாது, இலை கருகிவிடும். இலை சிறுத்து, பச்சையும் மஞ்சளும் கலந்து சுருங்கினால் தேமல் நோய். வைரஸ் என்பதால் மருந்து இல்லை, கொடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

எப்போது பறிப்பது?

விதைத்து 70 முதல் 80 நாளில் முதல் காய். பிஞ்சு பிடித்ததிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பறித்துவிட வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் எளிதாகக் கீற வேண்டும், காயைப் பிடித்தால் கெட்டியாக, ஆனால் இளசாக இருக்க வேண்டும். நீளம் போதவில்லையே என்று விட்டுவைத்தால் நார் ஏறும். முற்றிய காய் கொடியில் தொங்கினால் புதுப் பிஞ்சு விடுவதும் குறையும். வாரம் ஒருமுறையாவது கத்தியால் காம்போடு அறுத்தெடுங்கள், இழுத்தால் கொடி கிழியும்.

காய் கசக்கிறது. வேகவைத்தால் போய்விடுமா?

போகாது, சாப்பிடவும் கூடாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்னும் பொருள். காட்டுப் புடலில் இது நிறைய உண்டு, தோட்டப் புடலையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து குறைத்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் இது அழியாது. குமட்டல், வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு, புடலையில் கசப்பு எச்சரிக்கை. நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கடுங்கசப்பு என்றால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, பேதி தொடங்கிவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கொடி முழுவதும் எல்லாக் காயும் கசந்தால் விதையில் காட்டு வகையின் கலப்பு இருக்கிறது. அந்தக் கொடியை எடுத்துவிடுவதே சரி, விதைக்கும் வைக்க வேண்டாம். வறட்சியும் கடும் வெப்பமும் கசப்பைக் கூட்டுவதுண்டு.

பாகலுக்குப் பக்கத்தில் வைத்தால் புடலை கசக்குமா?

இல்லை. பாகல், பீர்க்கு, சுரை எதோடும் புடலை கலக்காது. காட்டுப் புடலோடு மட்டும் கலக்கும். அப்போதும் இப்போது தொங்கும் காயின் சதை மாறாது, அதன் விதையிலிருந்து வரும் அடுத்த கொடியில்தான் வித்தியாசம் தெரியும். அந்துப்பூச்சி ஒரு ராத்திரியில் வெகுதூரம் போகும் என்பதால் பேய்ப்புடல் வளரும் புதர் அருகில் இருந்தால் விதை எடுப்பதில் கவனம் தேவை.

பச்சையாக நறுக்கும்போது ஒரு வாடை வருகிறதே, கெட்டுப்போனதா?

இல்லை, அதன் இயல்பு அது. இலையைக் கசக்கினாலும் அதே வாடைதான். சூடு பட்டதும் போய்விடும். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சை கத்தியின் முதுகால் சுரண்டிக் கழுவிவிட்டு நறுக்கினால் வாடையும் குறையும். பிஞ்சை விதையோடு நறுக்கலாம். சற்று முற்றியதில் நீளவாக்கில் பிளந்து பஞ்சையும் விதையையும் விரலால் வழித்தெடுத்துவிடுங்கள். தண்ணீர்க் காய் என்பதால் வேகும்போது அதுவே நீர் விடும், மேலும் ஊற்றிவிட்டால் குழைந்து சப்பென்று ஆகிவிடும். உப்பையும் கடைசியில் போடுங்கள், காய் சுண்டிய பிறகுதான் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

பழுத்துவிட்டது, உள்ளே சிவப்பாக இருக்கிறது. வீணா?

காயாக வீண். தோல் ஆரஞ்சு நிறமாகி நார் ஏறிவிடும். விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையை மட்டும் வழித்துத் தக்காளிக்குப் பதிலாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தக்காளியின் நிறத்துக்குக் காரணமான லைகோபீன் இதிலும் உண்டு. கசப்பில்லாத காய் என்று தெரிந்தால் மட்டும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து என்கிறார்களே?

காயில் 94 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் 20 கலோரிகூட இல்லை. மாவுச்சத்து சொற்பம் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு புடலங்காய்ச் சாறு குடிப்பது ஆபத்து. நாட்டு மருத்துவத்தில் பேசப்படுவது பெரும்பாலும் பேய்ப்புடல்தான். அது கசப்பு வகை, வீட்டில் நீங்களாகக் கஷாயம் வைத்துக் குடிக்கும் சமாச்சாரம் இல்லை.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

வெளியில் வைத்தால் இரண்டு நாளில் தொய்ந்துவிடும். துண்டுகளாக வெட்டித் துணியிலோ காகிதத்திலோ சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். வெப்ப மண்டலக் காய் என்பதால் கடுங்குளிர் பட்ட இடத்தில் வைத்தால் தோலில் குழி விழும்.

விதை எப்படி எடுப்பது?

நல்ல கொடியில் நல்ல காய் ஒன்றைத் தேர்ந்து, அடையாளத்துக்குக் கயிறு கட்டிவிட்டு, அப்படியே பழுக்க விடுங்கள். கலப்பு வேண்டாம் என்றால் இதைப் பூவிலேயே தொடங்க வேண்டும்: மாலையில் விரியப்போகும் பெண் மொட்டுக்கும் ஆண் மொட்டுக்கும் பகலிலேயே துணிப்பை கட்டி, இரவில் அவிழ்த்து மகரந்தம் தடவி, மறுபடி கட்டி மறுநாள் எடுத்துவிடுங்கள். பழுத்த காய் அடியிலிருந்து வெடித்து விதையைக் கொட்டிவிடும். ஆகவே முழுதும் சிவந்து அடிமுனை மெத்தென்று ஆனதும் அறுத்துவிட வேண்டும். சதையைத் தண்ணீரில் பிசைந்து கழுவி, மிதக்கும் விதைகளை வடித்துவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் நன்றாகக் காயவைத்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். ஈரம் படாமல் இருந்தால் இரண்டு மூன்று வருடம் முளைக்கும்.

அடுத்த பருவம் அதே குழியில் போடலாமா?

ஒருமுறை இடைவெளி விடுங்கள். பழைய கொடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். முண்டு முண்டாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு இருக்கிறது. அங்கே ஓராண்டுக்கு இந்தக் குடும்பத்துக் கொடி எதுவும் வேண்டாம், செண்டுமல்லி போடுங்கள். வேர் சுத்தமாக இருந்தால் பந்தலைப் பிரிக்காமல் அதிலேயே அவரையை ஏற்றிவிடலாம்.